சும்மா கிடக்கும் ரேமா?

எட்டு ஜிபி ரேமில் மூன்றுதான் ஓடுகிறது, மிச்சமெல்லாம் வீணாகிறதே என்று டாஸ்க் மேனேஜரைப் பார்த்துக் கவலைப்படுகிறவர்கள் கற்பிட்டியிலும் உண்டு, சிலாபத்திலும் உண்டு. அதே பக்கத்தில் ‘கேஷ்ட்’ என்று இன்னோர் எண் இருக்கும். கவலைக்கு மருந்து அதில்தான்.

அடிக்கடி கேட்கும் சாமானைக் கடைக்காரர் கைக்கெட்டும் தூரத்தில் வைப்பதுபோல, நாம் தினமும் திறக்கும் கோப்புகளை விண்டோஸ் ரேமின் அந்தக் ‘கேஷ்ட்’ பகுதியில் வைத்துக்கொள்கிறது. 2007இல் விஸ்டாவோடு வந்த சூப்பர்ஃபெட்ச், கேட்பதற்கு முன்பே கொண்டுவந்தும் வைக்கும். லினக்ஸும் காலி ரேமைக் கோப்புகளால் நிரப்பித்தான் வைத்திருக்கிறது. பழைய கணினிக்கு இது பெரிய உதவி. சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒரு துண்டுத் தகவலைத் தேடி எடுக்க ஏறக்குறைய 10 மில்லி செக்கன் ஆகும். ரேமுக்கு அதில் இலட்சத்தில் ஒரு பங்கு போதும். ‘ரேமைச் சுத்தம் செய்கிறோம்’ என்று வரும் மென்பொருள்கள் இப்படிச் சேர்த்ததையெல்லாம் வெளியே தள்ளிவிட்டு, காலி இடத்தைக் காட்டிப் பெருமைப்படுகின்றன. அவற்றை நீக்கிவிடுவதே நல்லது.

உண்மையிலேயே வீணாகும் ரேமும் உண்டு. 32 பிட் விண்டோஸ் 7 ஓடும் கணினியில் எத்தனை ஜிபி போட்டாலும் நான்குக்கு மேல் அதன் கண்ணுக்குத் தெரியாது. அதிலும் கிராஃபிக்ஸ் போன்றவற்றுக்குப் போக மூன்று, மூன்றரைதான் மிஞ்சும். 2006இல் வந்த கோர் 2 டுவோவே 64 பிட்டைத் தாங்கும் என்பதால், லினக்ஸ் மிண்ட் போன்ற 64 பிட் இயங்குதளத்துக்கு மாறினால் மறைந்திருந்த ரேம் வெளியே வரும். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் நின்றுவிட்டதால், இந்த யோசனைக்கு இப்போது கூடுதல் வலு.

பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொடுக்கும் கொமியூனிகேஷன் கடைகளுக்கு ஒரு குறிப்பு. போட்டோஷாப் வழக்கமாக 70 சதவீத ரேமைத்தான் தனக்கென்று எடுக்கும். ‘பெர்ஃபோர்மன்ஸ்’ அமைப்பில் அதை 80க்கு நகர்த்தலாம்.

ரேமின் ஒரு பகுதியையே டிஸ்க் போலப் பாவிக்கும் ‘ரேம் டிஸ்க்’ வழியும் இருக்கிறது. பிரவுசரின் தற்காலிகக் கோப்புகளுக்கு நல்லது. வாடிக்கையாளரின் கடிதத்தை மட்டும் அங்கே வைக்கக்கூடாது. கரண்ட் போனால் அதுவும் போய்விடும். 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதாகச் சொல்லி நாடே இருண்டது நினைவிருக்கும். கற்பிட்டிக் கரையிலேயே 900 மெகாவாட் நுரைச்சோலை நிலையம் இருந்தென்ன? அதன் மூன்று இயந்திரங்களும் நின்று, அடுத்த நாட்களிலும் மின்வெட்டு தொடர்ந்தது.

கடலோரத்தில் இன்னொரு தொல்லை உப்புக்காற்று. ரேம் கார்டின் பொன்னிற விளிம்பில் அழுக்குப் படிந்தால் திரை இருண்டபடி ‘பீப் பீப்’ என்று கத்தும் கணினிகள் உண்டு. பிளக்கைக் கழற்றிவிட்டு, கார்டை எடுத்து, வெள்ளை அழிறப்பரால் விளிம்பை மெதுவாகத் தேய்த்து, தூளைத் தட்டிவிட வேண்டும். திருப்பிப் போடும்போது இரு பக்கக் கொளுக்கிகளும் ‘டக்’கென்று விழவேண்டும். பழுதான கணினியிலிருந்து கழற்றிய கார்டையும் இப்படிச் சேர்க்கலாம். ஆனால் டிடிஆர்2, டிடிஆர்3 என்ற ரேம் வகைகள் இரண்டிலும் விளிம்பில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். பொருந்தாததை அழுத்தினால் ஸ்லொட் உடையும்.