உத்தரமேரூர்ச் சபையும் குடவோலையும்

தன் வழக்கில் தானே நீதிபதியாக எவரும் அமரலாகாது என்று 1610-இல் வைத்தியர் கழகமொன்றின் வழக்கில் தீர்ப்புரைத்து, பின்னர் அரசனின் அதிருப்திக்கு ஆளாகி 1616-இல் பதவி இழந்த ஆங்கிலேயப் பிரதம நீதிபதி சர் எட்வர்ட் கோக்கின் கீர்த்தி நம் நீதிமன்றங்களிலும் இன்றளவும் விளங்குகிறது.

அத்தகைய நடுநிலையை நாடி, அவருக்கு ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே, முதலாம் பராந்தக சோழரின் 14-ஆம் ஆட்சியாண்டில் (கி.பி. 921), உத்தரமேரூர்ச் சதுர்வேதிமங்கலத்துச் சபையார் வாரியங்களுக்கு ஆள் தேரும் முறையை அவ்வூர் வைகுண்டப் பெருமாள் கோயிற்சுவரில் வெட்டுவித்தபோது, கணக்குக் காட்டாதவரை மட்டுமன்றி அவருடைய நெருங்கிய உறவினரையும் விலக்கினர். பெயர் எழுதிய ஓலைகளை இட்ட குடத்திலிருந்து ஏதுமறியாத சிறுவன் எடுத்த ஓலையை, மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையிலேயே ஏற்க வேண்டியிருந்தது. வேறோர் ஓலையை மறைத்து வைக்க அங்கே வழியேது! நிலமும் வேதப் பயிற்சியும் இல்லாதார் பெயர் மட்டும் அக்குடத்தில் விழவேயில்லை.