மீன்குஞ்சு நிலையத்தில் ஒரு பருவம்

குளத்தில் மீன் தானாகவே பெருகும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மாத்தளை மாவட்டத்தில் தம்புள்ளைப் பக்கமுள்ள ஒரு மீன்குஞ்சு நிலையத்துக்குப் பருவகால வேலைக்குப் போன பிறகுதான் உண்மை தெரிந்தது. திலாப்பியா குளத்திலேயே குஞ்சு பொரிக்கும். ரோகு, கட்லா போன்ற கெண்டைகளோ ஆற்று வெள்ளத்தில் முட்டையிடுபவை. தேங்கிய நீரில் வயிறு நிறைய முட்டையோடு நிற்குமே தவிர இடமாட்டா.

அதனால் ஊசி போடவேண்டும். 1957 இல் ஒரிசாவின் அங்குல் என்ற இடத்தில் ஹிராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, மீனின் கபச்சுரப்பிச் சாற்றை ஏற்றிக் கெண்டைகளை முட்டையிட வைத்தார். இன்று ஆயத்த ஓமோன் மருந்தே கிடைக்கிறது. தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையின் தம்புள்ளை நிலையம் கெண்டைக் குஞ்சு உற்பத்திக்குப் பெயர் பெற்றது.

ஊசி போடும் நாளில் தூக்கம் இல்லை. தாய் மீனை ஈரத் துணியில் சுற்றிப் பிடிப்பது என் வேலை. மூன்று கிலோ மீன் துள்ளினால் கை கழன்றுவிடும் போலிருக்கும். சில மணி நேரம் கழிய வயிறு இளகும். மெல்ல நீவி முட்டையை உலர்ந்த பேசினில் எடுத்து, ஆண் மீனின் விந்தைச் சேர்த்து, கோழி இறகால் கலப்போம். முன்கூட்டியே தண்ணீர் பட்டால் முட்டை வீண். சுமார் ஒரு நாளில் பொரித்துவிடும். மூன்று நாள் வரை குஞ்சு தன் மஞ்சட்கருப் பையிலேயே வாழும். பிறகு அவித்த முட்டையின் மஞ்சட்கருவைத் துணியில் பிழிந்து கொடுப்போம். பிள்ளைக்குப் பால் பருக்குவதுபோல்தான்.

மாரியில் நிரம்பும் சிறு குளங்களுக்குக் குஞ்சு விடும் காலம் முடிந்ததும் நாட்கூலியும் நின்றுவிடும். ஆனால் கற்ற வேலை நிற்காது சகோதரிகளே. சின்னஞ்சிறு குஞ்சை நேரே குளத்தில் விட்டால் விரால் தின்றுவிடும். ஐந்து சென்ரிமீற்றருக்கு மேல் வளர்த்துத்தான் விடவேண்டும். இந்த ஆறு, எட்டு வார வளர்ப்பைக் கிராமச் சங்கங்களே மண் தொட்டிகளில் செய்து விற்கலாம். தொட்டிக்குச் சுண்ணாம்பும் மாட்டெருவும் இட்டு, தண்ணீர் பச்சையாகும்வரை பொறுக்கவேண்டும். முழங்கை வரை கையை விட்டால் உள்ளங்கை மங்கி மறையவேண்டும். அதுதான் பதம்.

என் தவறையும் சொல்கிறேன். எங்கள் மகளிர் சங்கத் தொட்டியிலிருந்து முதல் தடவை குஞ்சு அனுப்பியபோது, காலையில் தவிடும் புண்ணாக்கும் கொடுத்து மத்தியானம் பொதி செய்தேன். தின்ற குஞ்சுகள் பைக்குள்ளேயே கழித்துத் தண்ணீர் நஞ்சாகி, பாதிக்கு மேல் செத்துவிட்டன. நட்டம் சங்கத்துக்கு. கொஞ்சக் காலம் கூட்டத்துக்குப் போகவே கூசினேன். முதல் நாளே தீனியை நிறுத்தவேண்டும். பையில் மூன்றிலொரு பங்கு நீர், மீதி ஒட்சிசன். பயணம் அதிகாலையில்.

அரச உதவியை மட்டும் நம்பியிருக்கவும் கூடாது. 1990 இல் நன்னீர் மீன்வளத்துக்கான அரச உதவி நிறுத்தப்பட்டு, 1994 இல்தான் மீண்டும் தொடங்கியது. இடையில் குளத்து மீனவர்கள் பட்ட கஷ்டம் கொஞ்சமல்ல.

வன்னியிலும் இப்படிச் சிறு குளங்கள் நிறைய உண்டு. குளத்து நீர் முதலில் வயலுக்குரியது. ஆகவே கமக்காரர் அமைப்பிடமும் கமநல சேவை நிலையத்திலும் ஆவணி, புரட்டாதியிலேயே பேசிவிடுங்கள். மழை தொடங்கினால் தொட்டி வெட்ட முடியாது.