காற்றிலே ஒரு தள்ளு, காதிலே ஓசை!

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் பக்கம் போனால் வீட்டுக்குள்ளிருந்து 'டக், டக்' என்று தறிச் சத்தம் கேட்கும். கூடத்தில் தறி, பக்கத்திலேயே தூளியில் குழந்தை. "குழந்தைக்குச் சத்தம் பழகிப் போச்சு!" என்று நாம் சொல்லி விடுகிறோம். உண்மையில் காது பழகிக் கொள்கிறதா? அதைத் தெரிந்துகொள்ள, ஓசை எப்படி வருகிறது என்று பார்ப்போமா?

நெசவாளி ஊடையை ஓங்கி அடிக்கும்போது மரம் அதிர்கிறது. அதிரும் மரம் பக்கத்துக் காற்றைத் தள்ளுகிறது. அந்தக் காற்று அடுத்த காற்றைத் தள்ளுகிறது. வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவைக் கூட்டத்தில் நின்றிருக்கிறீர்களா? பின்னால் ஒருவர் இடித்தால், அந்தத் தள்ளு வரிசையாக நகர்ந்து முன்னால் நிற்பவரைச் சாய்க்கும். இடித்தவரோ பின்னால்தான் நிற்பார்! ஓசையும் அப்படித்தான். காற்று இருந்த இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடுகிறது. தள்ளு மட்டும் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நெசவாளியின் கைபலத்தில் ஒரு துளியை அது சுமந்து வந்து நம் செவிப்பறையில் இறக்குகிறது.

செவிப்பறை அதிர, மூன்று குட்டி எலும்புகள் அதை உள்காதுக்குக் கடத்துகின்றன. அங்கே நத்தை ஓடு போன்ற உறுப்புக்குள் சுமார் 15,000 நுண்ணிய மயிர்ச் செல்கள் இருக்கின்றன. இவை சேதமானால் மறுபடி முளைப்பதில்லை. பலத்த சத்தம் 'பழகிப் போச்சு' என்றால், கேட்கும் சக்தியே மங்க ஆரம்பித்திருக்கலாம்.

சத்தத்தை டெசிபல் கணக்கில் அளக்கிறார்கள். 10 டெசிபல் கூடினால் அது சுமக்கும் சக்தி பத்து மடங்கு! சாதாரணப் பேச்சு 60 என்றால், 90 டெசிபல் இரைச்சலில் ஆயிரம் மடங்கு சக்தி இருக்கிறது. தினமும் எட்டு மணி நேரம் 85 டெசிபலுக்கு மேல் கேட்பது பெரியவர்களுக்கே ஆபத்து. கைத்தறியை விட விசைத்தறியின் இரைச்சல் மிக அதிகம். அங்கே வேலை செய்பவர்கள் காதுக்கு அடைப்பான் வைத்துக் கொள்வது நல்லது. வெறும் பஞ்சு போதாது.

வீட்டில் என்ன செய்யலாம்? தூளியைத் தறியிலிருந்து தள்ளிக் கட்டுங்கள். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தத்தின் சக்தி கால் பங்காகிவிடும். மூடிய அறையில் சுவர் திருப்பி அனுப்புவதால் அவ்வளவு குறையாது. ஆகவே அடுத்த அறையே மேல். மிக்ஸி ஓடும்போது குழந்தையை இடுப்பில் வைத்துக் கொள்ளாதீர்கள். அதிர்வேட்டு, ஒலிபெருக்கிப் பக்கம் கொண்டு போகவே வேண்டாம்.

இன்னொன்று. "அப்பா கூட லேட்டாத்தான் பேசினார்" என்று பாட்டி சொல்வதைக் கேட்டு இருந்துவிடாதீர்கள். பிறந்த ஒரு மாதத்துக்குள் காதுப் பரிசோதனை செய்துவிட வேண்டும். தூங்கும்போதே, வலியில்லாமல், சில நிமிடங்களில் முடிந்துவிடும். சந்தேகம் வந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதி செய்து, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்கினால் குழந்தை பேச்சுக் கற்க நல்ல வாய்ப்பு உண்டு. தமிழக முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 'காக்ளியர்' கருவி பொருத்தும் அறுவை சிகிச்சையும் இருக்கிறது. அரசு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் விசாரியுங்கள்.