இனிப்பு நீரும் அதன் கூட்டாளிகளும்



ரெங்கம் வட்டாரத்துத் தோட்டங்களில் பல வீடுகளில் சுவரோரம் ஒரு மருந்துப் பை தொங்கும். அதைத் திறந்து பார்த்தால் இனிப்பு நீர் மாத்திரை தீரும் தறுவாயில் இருக்கும். இரத்தக் கொதிப்பு மாத்திரையும் கொழுப்பு மாத்திரையும் மட்டும் அட்டை அட்டையாக மிச்சமிருக்கும். ஏன் என்று கேட்டால், "தலைவலி ஒன்றுமில்லையே, இத்தனை மாத்திரை தின்றால் கிட்னி கெட்டுப்போகுமே" என்று பதில் வரும். இந்தப் பதில் சரிதானா என்று இன்று நாம் பார்ப்போம்.

இனிப்பு நீர் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. 2019ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு நாடு முழுவதும் நடத்திய ஆய்வில், வயது வந்த இந்தியர்களில் ஏறக்குறைய 10 பேரில் 3 பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. 2023ஆம் ஆண்டு ஆய்வோ, இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, கொழுப்பு, உடல் பருமன் ஆகிய நான்கும் ஒருங்கே உள்ளவர்கள் மலேசியாவில் 5 லட்சத்துக்கும் மேல் என்று காட்டியது.

இவை கூட்டுச் சேர்ந்தால் என்ன நடக்கும்? பால்மரம் வெட்டிய காலத்தில், பால் கொட்டகையில் சல்லடை வைத்துப் பாலை வடிகட்டியது நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். நம் சிறுநீரகமும் அப்படி ஒரு சல்லடைதான். மிகுந்த சர்க்கரை அந்தச் சல்லடையைப் பழுதாக்குகிறது. இரத்தக் கொதிப்பு அதன்மேல் ஓயாமல் மோதுகிறது. கண்கள் பெரிதாகிவிட்ட சல்லடை வழியே உடலுக்கு வேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகுகிறது. இதில் வலி கிடையாது. வலி இல்லாததால் நோய் இல்லை என்று நாம் ஏமாந்துவிடுகிறோம்.

ஆகவே சிறுநீரகத்தைக் கெடுப்பது கிளினிக்கில் கொடுக்கும் மாத்திரை அல்ல. கட்டுக்குள் வராத நோயே கெடுக்கிறது. இரத்தக் கொதிப்பு மாத்திரைகளில் சில, அந்தப் புரத ஒழுக்கைக் குறைத்துச் சிறுநீரகத்தைக் காக்கவும் செய்கின்றன. அஞ்ச வேண்டியவை வேறு. முழங்கால் வலிக்கும் இடுப்பு வலிக்கும் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரைகள் சில, சிறுநீரகத்துக்குக் கேடு செய்பவை. என்ன கலந்தது என்று தெரியாத பொடிகளும் லேகியங்களும் அப்படியே.

நம் நாட்டில் புதிதாக இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இனிப்பு நீரால் சிறுநீரகம் கெட்டவர்கள். பொதுவாக வாரத்துக்கு 3 நாள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம் இயந்திரத்தோடு இருக்க வேண்டும். ரெங்கத்திலிருந்து குளுவாங்குக்கு இப்படி வாரந்தோறும் போய்வர நேர்ந்தால், நோயாளியோடு துணைக்குப் போகிறவரின் கூலியும் போய்விடும்.

நாம் செய்யக்கூடியவை என்ன? அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்தான். போகும்போது சர்க்கரையை மட்டும் கேட்டுத் திரும்பிவிடாமல், இரத்த அழுத்தம் எவ்வளவு, மூன்று மாதச் சர்க்கரை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்றும் கேட்போம். ஆண்டுக்கு ஒருமுறை கண்ணையும் காலையும் காட்டுவோம்.

அடுக்களையில் உப்பைக் கவனிப்போம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் அடங்க வேண்டும். கருவாடு, நெத்திலி, ஊறுகாய், கிச்சாப்பு, பாக்கெட் மீ எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

செம்பனைக் காட்டுக்குப் போகிறவர்கள் பூட்ஸைத் தட்டிப் பார்த்துப் போட வேண்டும். காலில் உணர்ச்சி மங்கியவருக்கு முள் குத்தினாலும் தெரியாது. இரவில் பாதத்தையும் விரல் இடுக்குகளையும் வீட்டார் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும்.

நேயர்களே, இன்றிரவே அந்த மருந்துப் பையை எடுத்துப் பாருங்கள். மிச்சமிருக்கும் மாத்திரைகளை ஒளிக்க வேண்டாம். திட்டு விழுமோ என்று கூசவும் வேண்டாம். பையோடு கிளினிக்குக் கொண்டுபோய், "இவற்றைச் சாப்பிடவில்லை, பயமாக இருந்தது" என்று உள்ளதைச் சொல்லுங்கள். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டாக்டர் மாற்றித் தருவார். நாமாக நிறுத்தியதை அவர் அறியாவிட்டால், மருந்து போதவில்லை என்று எண்ணி அளவைக் கூட்டிவிடக்கூடும்.