மறைந்திருக்கும் வழு

மனிதர் எழுதும் நிரலைப் படித்து இயக்குகின்ற மென்பொருள் மெய்நிகர் இயந்திரம் எனப்படும். ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்குரிய வி8 அவற்றுள் ஒன்று. அது 2008ஆம் ஆண்டில் கூகுள் குரோம் உலாவியுடன் வெளிவந்தது.

ஒரு மாணவரின் பெயர், வகுப்பு, மதிப்பெண் ஆகியவை நிரலில் ஒரே பொருளின் பகுதிகளாக அமையும். அப்பகுதி ஒவ்வொன்றும் புலம் எனப்படும். ஜாவாஸ்கிரிப்டில் ஒரு புலத்தில் எவ்வகை மதிப்பையும் இடலாம். ஒவ்வொரு முறையும் வகையைச் சோதித்தால் வேகம் குறையும். ஆதலால், மதிப்பெண் புலத்தில் இதுவரை முழு எண்களே வந்துள்ளன என இயந்திரம் குறித்து வைத்துக்கொள்ளும். அப்பகுதி பலமுறை இயங்கிய பின், அக்குறிப்பை நம்பிச் சோதனையற்ற விரைவு நிரலை ஆக்கிக்கொள்ளும்.

ஒருநாள் 85 இருந்த இடத்தில் 85.5 வரலாம். உடனே குறிப்பைத் திருத்த வேண்டும். அதை நம்பி ஆக்கிய விரைவு நிரலையும் நீக்க வேண்டும். புலத்தில் எழுதுவதற்கு, நேரடியாக இடுதல், மற்றொரு பொருளிலிருந்து படியெடுத்தல் எனப் பல வழிகள் உண்டு. அவற்றுள் ஒரு வழி குறிப்பைத் திருத்த மறந்தாலும் வழு தோன்றும். விரைவு நிரல் தசம எண்ணை முழு எண்ணாகக் கருதிப் படிக்கும். தவறான விடை வரும். அல்லது நிரல் நின்றுவிடும். தீயோர் இத்தகைய வழுவின் வழியே நினைவகத்தினுள் நுழையவும் கூடும்.

இவ்வழுவைக் கண்டறிதல் எளிதன்று. சிலமுறை மட்டும் இயக்கினால் விடை சரியாகவே இருக்கும். விரைவு நிரல் உருவான பின்னரே பிழை வெளிப்படும். ஆகவே வல்லுநர் முதலில் விரைவாக்கத்தை நிறுத்தி இயக்குவர். பிழை மறைந்தால் ஐயம் அப்பகுதியின்மீது திரும்பும். பின்னர், பிழையைக் காட்டும் சில வரிகள் மட்டும் எஞ்சும்வரை நிரலைச் சுருக்குவர். குறிப்பிலுள்ள வகையையும் உண்மையான மதிப்பையும் ஒப்பிட்டு, மறந்த வழியைக் காண்பர்.

விரைவாக்கத்தையே அடியோடு நீக்கினாலும் வழு மறையும். ஆனால் அது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போன்றதாகும். மறந்த வழியிலும் வகைச் சோதனையைச் சேர்ப்பதே முறையான திருத்தம். வழுவைக் காட்டிய அந்தச் சில வரிகளும் வீணாவதில்லை. அவை நிலையான சோதனையாகச் சேர்க்கப்படும். பிற்காலத்தில் எவர் நிரலை மாற்றினாலும், பழைய வழு மீண்டும் நுழையாமல் அச்சோதனை காக்கும்.

சொற்பொருள்
வழு – பிழை. ஐயம் – சந்தேகம். எஞ்சும் – மீதியிருக்கும்

விடை எழுதுக
1. புலம் என்பது யாது?
2. சிலமுறை மட்டும் இயக்கினால் வழு வெளிப்படாதது ஏன்?
3. பாடத்தில் வந்துள்ள பழமொழியை நும் சொந்த வாக்கியத்தில் அமைத்து எழுதுக.