ஓடாத வண்டியின் வயது

கோவையில் இருக்கும் என் சித்தப்பா மகன் போன மாதம் ஒரு வண்டியின் படங்களை அனுப்பிவிட்டு அடுத்த நிமிடமே போன் செய்தான். எட்டு வருஷத்து ஜெர்மன் எஸ்யூவி. வெள்ளை நிறம், டீசல், ஏர் சஸ்பென்ஷன், கூரை முழுக்கக் கண்ணாடி. "அண்ணா, இருபத்தெட்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. ஒரே ஓனர். புது வண்டி விலையில மூணுல ஒரு பங்குக்குத் தர்றாங்க. விட்டா வேற யாராச்சும் எடுத்துருவாங்க" என்றான்.

அந்த வார இறுதியில் கோவைக்குப் போனேன். இந்த வகை வண்டிகளையே பல வருஷமாகப் பார்த்துவரும் ஒரு மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டோம். அவர் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே குனிந்து டயரின் பக்கவாட்டைப் படித்தார். முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள்: முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. வண்டியோடு வந்த அதே டயர்கள். பட்டன் தேயவே இல்லை. ஓரங்களில் மட்டும் முடி முடியாய் வெடிப்பு. "ஓடித் தேஞ்ச வண்டியச் சரி பண்ணிரலாங்க தம்பி. நின்னு கெட்ட வண்டிதாங்க செலவு வைக்கும்" என்றார்.

அவர் அனுபவத்தில் சொன்னதற்கு வேதியியலில் காரணம் இருக்கிறது. ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் ஸ்வாந்தே அர்ரேனியஸ் 1889இல் வெப்பநிலைக்கும் வேதிவினையின் வேகத்துக்கும் உள்ள உறவைச் சமன்பாடாக எழுதினார். அதிலிருந்து பொறியாளர்கள் கைக்கணக்கு ஒன்றை வைத்திருக்கிறார்கள்: வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் பல வினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். ரப்பரை ஆக்ஸிஜன் அரிப்பதும் பிளாஸ்டிக் நொறுங்குவதும் பசை விட்டுப்போவதும் இந்தக் கணக்குக்குள் வருபவைதான். சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் காற்றின் வெப்பம் 60 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். ஸ்டுட்கார்ட்டின் குளிரில் எட்டு ஆண்டு இருந்த வண்டியும் நம் ஊர் வெட்டவெளியில் எட்டு ஆண்டு நின்ற வண்டியும் ஆர்சி புத்தகத்தில்தான் ஒரே வயது. ஓடோமீட்டர் சக்கரம் சுற்றியதை மட்டுமே எண்ணுகிறது. வெயிலை எண்ணும் மீட்டர் எந்த வண்டியிலும் கிடையாது.

சாதாரண ஹேட்ச்பேக்கை விட சொகுசு எஸ்யூவியில் இது ஏன் கூடுதலாக உறைக்கிறது? சொகுசு என்று நாம் உணர்வதில் பாதி ரப்பர்தான். குழியில் இறங்கினாலும் உள்ளே அதிராமல் இருப்பது சஸ்பென்ஷன் கைகளின் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்களால். எஞ்சின் ஓடுவதே தெரியாமல் இருப்பது திரவம் நிரப்பிய ரப்பர் மவுன்ட்டுகளால். கதவைச் சாத்தியதும் வெளியுலகம் அடங்கிப்போவது இரண்டு மூன்று அடுக்கு ரப்பர் பட்டைகளால். காற்றில் இருக்கும் ஓசோன், இழுபட்ட நிலையில் உள்ள ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியைத் தேடிப்போய் வெட்டும். இழுவிசைக்குக் குறுக்கே வெடிப்பு ஓடும். டயர் ஓரத்தில் நாங்கள் பார்த்தது அதைத்தான்.

ஏர் சஸ்பென்ஷன் இதன் உச்சம். எஃகுச் சுருளுக்குப் பதிலாக நான்கு ரப்பர் பைகள் காற்றை அடைத்துக்கொண்டு இரண்டு டன் எடையைத் தாங்குகின்றன. பை மடியும் இடத்தில் மயிரிழை வெடிப்பு விழுந்தால் காற்று கசியும். கசிவை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடும். கடைசியில் அதுவும் சேர்ந்து போகும். சோதிக்க ஸ்கேனர்கூட வேண்டாம். இரவு சமதளத்தில் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே இருக்கும் இடைவெளியை விரலால் அளந்து வைத்துக்கொண்டு, காலையில் எஞ்சினைத் தொடும் முன் மறுபடி அளந்தால் போதும். விற்பவர் அனுமதித்தால் நான் சொல்லும் முதல் சோதனை இதுதான். வாங்கப்போவது ஐந்து வருஷத்துக்கு மேற்பட்ட வண்டி என்றால், காயில் ஸ்பிரிங் உள்ள மாடலே போதும் என்பது என் உறுதியான கருத்து. ஓட்டத்தில் கொஞ்சம் விறைப்பு தெரியும். அவ்வளவுதான்.

டீசலா பெட்ரோலா என்ற பேச்சு நம்மிடம் எப்போதும் மைலேஜில் தொடங்கி மைலேஜிலேயே முடிகிறது. கேட்க வேண்டிய கேள்வி, ஒரு தடவை சாவி போட்டால் எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள் என்பது. நாடு முழுவதும் 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 புகை விதி வந்த பிறகு விற்ற டீசல் கார்களின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. இறக்குமதி நுட்பத்தில் வந்த சொகுசு வண்டிகள் பலவற்றில் அதற்கு முன்பே இருந்தது. தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி அது. கரித்துகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்த கரி எரிந்து தீர ஏறத்தாழ 600 டிகிரி வெப்பம் வேண்டும். காந்திபுரத்துக்கும் ஆர்.எஸ்.புரத்துக்கும் இடையே ஊர்ந்தால் அந்தச் சூடு வராது. அப்போது வண்டியின் கணினி கூடுதல் டீசலைப் பீய்ச்சி வலிந்து சூடேற்றப் பார்க்கும். அது முடிவதற்குள் நீங்கள் வீட்டுக்கு வந்து எஞ்சினை அணைத்துவிடுவீர்கள். எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் வழிந்து எஞ்சின் ஆயிலில் கலக்கும். எட்டு வருஷத்தில் 28,000 கிலோமீட்டர் என்றால் நாளுக்குப் பத்துக்கும் குறைவு. அந்த வெள்ளை வண்டியில் டிப்ஸ்டிக்கை முகர்ந்து பார்த்த மெக்கானிக் பேசாமல் என்னிடம் நீட்டினார். ஆயிலில் டீசல் நாற்றம்.

பெட்ரோலுக்கும் சங்கடம் இல்லாமல் இல்லை. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வந்த சொகுசு பெட்ரோல் எஞ்சின்களில் பெரும்பாலானவை எரிபொருளை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சுபவை. பழைய முறையில் பெட்ரோல் உள்வால்வின் முதுகில் பட்டு அதைக் கழுவிவிட்டுப் போகும். இதில் அந்தக் கழுவல் கிடையாது. ஆயில் ஆவி படிந்து கரியாய் இறுகும். அதைச் சுரண்ட, வால்நட் கொட்டையின் ஓட்டைப் பொடித்துக் காற்றோடு பீய்ச்சுகிறார்கள். ஓட்டுத்தூள் கரியை உதிர்க்கும் அளவுக்குக் கடினம். உலோகத்தைக் கீறாத அளவுக்கு மென்மை. நல்ல பணிமனையில் ஒரு நாள் வேலை. டிபிஎஃப் மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் பெரிதில்லை. ஊருக்குள் ஓட்டுபவருக்கு பெட்ரோல், வாராவாரம் நெடுஞ்சாலை ஏறுபவருக்கு டீசல் என்று நான் பிரிப்பது இதனால்தான். இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2023 ஏப்ரலுக்கு முன் செய்த வண்டி என்றால், டேங்க் மூடியின் உட்புறமும் கையேட்டிலும் எத்தனை சதவீத எத்தனால் வரை ஏற்கும் என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும்.

பலர் கேள்வியே கேட்காத உறுப்பு கியர்பாக்ஸ். ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனத்தின் எட்டு வேகத் தானியங்கி கியர்பாக்ஸ் பிஎம்டபிள்யூ, லேண்ட் ரோவர் எனப் பல வண்டிகளில் உட்கார்ந்திருக்கிறது. இதன் ஆயிலை வாழ்நாள் முழுக்க மாற்ற வேண்டாம் என்று கார்க் கம்பெனிகள் சொல்வதுண்டு. கியர்பாக்ஸைச் செய்த இசட்எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுக்குள் மாற்றச் சொல்கிறது. முதல் ஓனரின் வாரண்டி முடியும்வரை ஆயில் தாங்கினால் கார்க் கம்பெனிக்குப் போதும். அதற்குப் பிறகு வாங்கும் நமக்கு, செய்தவர் சொல்லே கணக்கு. சர்வீஸ் பில்களில் இந்த ஆயில் மாற்றிய பில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் ஏராளமான கார்கள் மூழ்கின. மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்தால் சிலிண்டருக்குள் போன தண்ணீரைப் பிஸ்டனால் அமுக்க முடியாது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். இது பலருக்கும் தெரியும். சொகுசு வண்டியில் எஞ்சினைவிட மின்னணுப் பெட்டிகளே பெரிய கவலை. அவற்றில் பல சீட்டுக்கு அடியிலும் டிக்கியின் ஓரப் பள்ளத்திலும் இருக்கின்றன. முழங்கால் அளவுத் தண்ணீரே அவற்றைத் தொட்டுவிடும். இணைப்பு முனைகளில் பச்சை பூத்து, ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாகக் கோளாறு கிளம்பும். காப்பீட்டு நிறுவனம் மொத்த இழப்பாக எழுதிய வண்டி ஏலத்தில் போய், தேய்த்து மெருகேறி, வேறு ஊரில் விற்பனைக்கு வருவதுண்டு. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சுருளின் அடியில் இருக்கும் பட்டையை யாரும் துவைப்பதில்லை. சேற்றுக் கோடு அங்கே அப்படியே இருக்கும்.

வெள்ளமே பார்க்காத வண்டிக்குள்ளும் தண்ணீர் வர ஒரு வழி உண்டு. கண்ணாடிக் கூரையின் சட்டத்தில் சிறு வாய்க்கால் ஓடுகிறது. அதில் சேரும் மழைநீர், தூண்களுக்குள் ஒளிந்திருக்கும் மெல்லிய குழாய்கள் வழியாகத் தரைக்கு இறங்க வேண்டும். வேப்பம்பூவும் தூங்குமூஞ்சி மர இலையும் அந்தக் குழாயை அடைத்தால் நீர் கால்மிதிக்கு அடியில் தேங்கும். அந்த வெள்ளை வண்டி வருஷக்கணக்கில் வேப்ப மரத்தடியில்தான் நின்றிருக்கிறது. நிழல் நல்லது என்று நினைத்து நிறுத்தியிருப்பார்கள். முன்பக்கக் கம்பளத்தைத் தூக்கிக் கையை வைத்தால் ஈரம் பிசுபிசுத்தது.

விலைக்குச் சில குறிப்புகள். பிஎம்டபிள்யூ எக்ஸ்3 செங்கல்பட்டுக்கு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில்தான் பூட்டப்படுகிறது. மெர்சிடிஸ் ஜிஎல்சி புனே அருகே சாக்கனில், வால்வோ எக்ஸ்சி60 பெங்களூரு அருகே ஹொஸ்கோட்டையில். பூட்டுவது இங்கே என்பதால் உதிரிப் பாகமும் மலிவு என்று எண்ண வேண்டாம், முக்கியப் பாகங்கள் வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வருபவை. பழைய வண்டியின் விலை மூன்றில் ஒன்றாகிவிட்டாலும் அதன் ஹெட்லைட் விலை முழுசாகவே நிற்கும். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய எஸ்யூவிகளுக்கு வரியும் செஸ்ஸும் சேர்ந்த 50 சதவீதம், 40 சதவீத ஜிஎஸ்டியாகக் குறைந்தது. பழைய வண்டி விற்பவர் முந்தைய ஷோரூம் விலையைச் சொல்லித் தள்ளுபடி காட்டினால், இன்றைய விலையோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். டெல்லி எண் வண்டி மலிவாகத் தெரிந்தால் என்ஓசி, இங்கே கட்ட வேண்டிய சாலை வரி இரண்டையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். ஓடோமீட்டரைக் குறைத்திருக்கிறார்களா என்ற சந்தேகத்துக்கும் வழி உண்டு: எஞ்சின் கணினி, கியர்பாக்ஸ், சில கம்பெனிகளில் சாவிகூட ஓடிய தூரத்தைத் தனியே பதிந்து வைக்கும். ஸ்கேனர் போட்டால் எண்கள் ஒத்துப்போகின்றனவா என்று தெரிந்துவிடும்.

இன்னொன்றை விடவே கூடாது. 2000களின் தொடக்கம் முதல் 2010களின் நடுப்பகுதி வரை செய்த பல கம்பெனி வண்டிகளில் ஜப்பானின் டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக் இருந்தது. பையை ஊதவைக்கும் வேதிப்பொருள் அம்மோனியம் நைட்ரேட். நீண்ட காலம் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் ஏறி இறங்கினால் அதன் வில்லைகள் சிதைந்து, விபத்தின்போது எரியும் வேகம் எகிறி, உலோக உறையே சிதறி ஓட்டுநர்மேல் பாய்ந்தது. உலகெங்கும் பலர் இறந்தார்கள். அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி ஏர்பேக் ஊதிகள் திரும்பப் பெறப்பட்டன. அங்கேயும் முன்னுரிமை கொடுத்துக் கூப்பிட்டது ஃப்ளோரிடா, ஹவாய் போன்ற வெக்கைப் பகுதி வண்டிகளைத்தான். நம் கடற்கரை ஊர்களின் காற்றும் அப்படிப்பட்டதே. அந்தக் காலத்து வண்டியை வாங்குபவர், சேஸிஸ் எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டுப் பார்க்காமல் முன்பணம் தரக் கூடாது.

தம்பி அந்த வெள்ளை வண்டியை வாங்கவில்லை. மூன்று வாரம் தேடினான். புது வண்டியே வாங்கலாமா என்றும் யோசித்தான். எழுபது லட்சத்தை ஒட்டிய விலையில், விலை மிகச் செங்குத்தாகச் சரியும் முதல் மூன்று ஆண்டு இழப்பைத் தானே சுமக்க அவனுக்கு மனம் வரவில்லை. கடைசியில் எடுத்தது நான்கு வருஷத்து பெட்ரோல் வண்டி. 61,000 கிலோமீட்டர், பெரும்பாலும் சேலம் நெடுஞ்சாலையில் ஓடியது. காயில் ஸ்பிரிங், சாதாரணக் கூரை, ஒரு பில் விடாமல் சர்வீஸ் கோப்பு. நண்பர்கள் கிலோமீட்டரைக் கேட்டு முகம் சுளித்தார்களாம்.

வாங்கிய வாரமே பிரேக் ஆயிலை மாற்றச் சொன்னேன். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 4 வகை புதிதாக இருக்கையில் 230 டிகிரி வரை கொதிக்காது, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் கொதிநிலை 155 டிகிரி வரை இறங்கலாம். கொதித்தால் குமிழி, குமிழி வந்தால் மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 1,900 மீட்டர் கீழே. ஆட்களோடு இரண்டு டன் எடை அவ்வளவு இறங்கும்போது விடும் ஆற்றல், ஒரு லிட்டர் டீசலை முழுக்க எரித்தால் கிடைப்பதற்கு ஏறக்குறைய சமம். எஞ்சினும் காற்றும் வாங்கிக்கொள்ளாத பங்கு முழுவதும் நான்கு பிரேக் தட்டுகளில் வெப்பமாக இறங்கும்.

போன ஞாயிறு ஊட்டி போய்விட்டு வந்து போன் செய்தான். குன்னூர் தாண்டியதும் கியரை இரண்டில் போட்டு, பிரேக்கை அவ்வப்போது மட்டும் தொட்டு இறங்கினானாம். "மேட்டுப்பாளையத்துல டீ குடிக்க நிறுத்தினேன்ணா. சக்கரத்துக்கிட்டக் குனிஞ்சு மோந்து பார்த்தேன். கருகல் வாசனையே இல்ல."