கல்மோன்ட் சரிவுக்கு நுழைவுச்சீட்டு கிடையாது

சென்ற வாரம் ஜெர்மனியின் மோசல் நதிக்கரையில் உள்ள கோஹெம் கோட்டையைப் பார்த்தோம். 1689இல் பிரெஞ்சுப் படை தகர்த்துவிட்டுப் போன இடிபாட்டை 19ஆம் நூற்றாண்டில் பெர்லின் வணிகர் லூயி ராவெனே வாங்கி, மீண்டும் எழுப்பினார். இன்று அதற்குள் போகச் சீட்டு வாங்க வேண்டும். வசூலாகும் பணம் கூரைக்கும் சுவருக்கும் போய்ச் சேருகிறது. அதே கோஹெமில் ரயிலேறினால், நான்கு கிலோமீட்டருக்கு மேல் நீளும் கைசர் வில்ஹெல்ம் சுரங்கத்தைத் தாண்டியதும் எடிகர்-எல்லர் நிலையம் வந்துவிடும். அங்கிருந்து கல்மோன்ட் மலைச்சரிவின் குறுக்கே, இரும்பு ஏணிகளிலும் கம்பி வடங்களிலும் கை வைத்து நடந்தால் ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் ப்ரெம் கிராமத்தில் இறங்கலாம். இந்த வழிக்குச் சீட்டு இல்லை, காவலாளி இல்லை. கோட்டையைப் போலவே இந்தச் சரிவும் மனிதர் கட்டியது என்பதையும், இதைக் கட்டிக்காக்கும் செலவு வந்து பார்ப்பவர்களுக்கும் உரியது என்பதையும்தான் இந்த வாரம் சொல்ல நினைக்கிறேன்.

மோசல் நதி ப்ரெம் அருகே ஏறக்குறைய வந்த திசைக்கே திரும்பிவிடுகிறது. அந்த வளைவின் நடுவில், எதிர்க்கரையில், ஸ்டூபன் கன்னியர் மடத்தின் கூரையற்ற சுவர்கள் நிற்கின்றன. இந்தப் பக்கம் நீர்மட்டத்திலிருந்து சுமார் 290 மீட்டர் எழும் சிலேட் பாறைச் சரிவு. சில இடங்களில் சாய்வு 65 டிகிரி. ஐரோப்பாவிலேயே மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். 50 டிகிரி வட அட்சரேகையை ஒட்டிய ஊரில் ரீஸ்லிங் திராட்சை பழுக்க வேண்டுமானால் வெயிலை ஒரு துளி விடாமல் பிடித்தாக வேண்டும். தெற்கு நோக்கிய சரிவு அதை நேராக வாங்குகிறது, ஆற்றுநீர் கொஞ்சம் திருப்பியனுப்புகிறது, கருஞ்சிலேட் பகலெல்லாம் சூடேறி இரவில் அந்த வெப்பத்தைக் கொடிக்குக் கொடுக்கிறது. இவ்வளவும் இயற்கையின் கொடை. ஆனால் அந்தச் சரிவில் மண் நிற்பது இயற்கையால் அல்ல. சாந்து இல்லாமல் கல்லோடு கல் பொருத்தி அடுக்கிய சுவர்கள், படிப்படியாக, தலைமுறை தலைமுறையாகக் கட்டப்பட்டவை. ரோமப் புலவர் அவுசோனியஸ் 4ஆம் நூற்றாண்டிலேயே மோசல் கரையின் திராட்சைச் சரிவுகளைப் பாடிவிட்டார் என்றால் இந்த உழைப்பின் வயதை ஊகித்துக்கொள்ளலாம். ஒரு கொடியைப் பக்கத்தில் போய்ப் பார்த்தாலும் இது புரியும். கம்பிப் பந்தல் கிடையாது. கொடி ஒன்றுக்கு ஒரு கோல் ஊன்றி, கவாத்து செய்தபின் விட்டுவைத்த இரண்டு கிளைகளை இருபுறமும் வளைத்து, இதய வடிவில் கோலோடு கட்டியிருக்கிறார்கள். சரிவில் நேராக ஏற முடியாத ஆள் பக்கவாட்டில் கொடிக்குக் கொடி நகர்ந்து போக வேண்டும். கம்பி இருந்தால் அது முடியாது.

இதற்கு என்ன ஆகும் என்று கணக்குப் பார்ப்போம். சமவெளித் தோட்டத்தில், டிராக்டரும் அறுவடை இயந்திரமும் ஓடும் இடத்தில், ஒரு ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சில நூறு மணி நேர வேலை போதும். இதுபோன்ற அடுக்குச் சரிவில் 1,500 மணி நேரத்துக்குக் குறையாது. ஜெர்மனியில் 2022 அக்டோபரில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12 யூரோ ஆனது. அதன்பின் இன்னும் கூடியிருக்கிறது. அந்த 12ஐ வைத்தாலே ஹெக்டேருக்கு 18,000 யூரோ. விளைச்சல் 5,000 லிட்டர் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் முக்கால் லிட்டர் புட்டி ஒன்றுக்குக் கூலி மட்டும் 2 யூரோ 70 சென்ட் விழுகிறது. புட்டி, தக்கை, பாதாள அறை, வரி, மருந்து, சரிந்த சுவரைத் திரும்பக் கட்டும் செலவு எல்லாம் இதற்கு மேல். மலிவு விலைக் கடைகளிலோ மூன்று நான்கு யூரோவுக்கு முழுப் புட்டி ஒயினே கிடைக்கிறது. போதாக்குறைக்கு, 1971ஆம் ஆண்டின் ஒயின் சட்டம் தரத்தைப் பழச்சாற்றின் சர்க்கரை அளவை வைத்துப் பிரித்தது. சரிவில் விளைந்ததா, ஆற்றோரச் சமதளத்தில் விளைந்ததா என்பது தரப் பட்டியலில் ஒரு பொருட்டாகவே வரவில்லை. ஏறி உழைத்தவருக்கும் டிராக்டர் ஓட்டியவருக்கும் ஒரே தரப்பெயர் என்றால் யார் ஏறுவார்கள்?

பலர் ஏறுவதை நிறுத்தினார்கள். 1990களின் தொடக்கத்தில் மோசல் பகுதியில் 12,000 ஹெக்டேருக்கு மேல் இருந்த திராட்சைப் பரப்பு இன்று 9,000க்கும் கீழே போய்விட்டது. நிலத்தை வாரிசுகளுக்குச் சமமாகப் பிரித்துக்கொடுக்கும் வழக்கம் உள்ள பகுதி இது. அதனால் ஒரே சரிவில் பத்துப் பேருடைய துண்டு நிலங்கள் அடுத்தடுத்து இருக்கும். நடுவில் ஒருவர் தரிசாக விட்டால் முள்புதர் மண்டுகிறது, காட்டுப்பன்றி குடியேறுகிறது, பராமரிப்பில்லாத கொடியிலிருந்து சாம்பல் நோய் பக்கத்துத் துண்டுக்குப் பரவுகிறது, மேல் சுவர் இடிந்து கீழ்த் தோட்டத்தில் விழுகிறது. கல்மோன்டிலும் ஒரு பகுதி அப்படித் தரிசாகிக் கிடந்தது. 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் சில தோட்டக்காரர்கள் புதரை வெட்டி மீண்டும் ரீஸ்லிங் நட்டார்கள். ஒற்றைத் தண்டவாளத்தில் பற்சக்கரம் கொண்டு ஏறும் சிறு வண்டிதான் அதைச் சாத்தியமாக்கியது. அந்த வண்டி ஆளையும் கூடையையும் மேலேற்றும். கவாத்தும் கட்டும் பறிப்பும் இன்றும் கைவேலைதான்.

நட்டமான தொழிலைப் பிடித்துக்கொண்டிருப்பானேன், காடு திரும்பி வளரட்டுமே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் இந்தச் சரிவில் காடு வளர்வது இயற்கைக்கும் முழு லாபம் அல்ல. மோசல் அப்பல்லோ என்னும் பட்டாம்பூச்சி உலகிலேயே இந்தப் பள்ளத்தாக்கில்தான் வாழ்கிறது. அதன் புழு, வெயில் படும் பாறையிலும் கல் சுவரிலும் முளைக்கும் ஒரு சிறு செடியைத் தின்று வளர்கிறது; புதர் நிழல் விழுந்தால் அந்தச் செடி போய்விடும். சுவர் இடுக்குப் பல்லிகளுக்கும் அதே கதிதான். இந்தப் பட்டாம்பூச்சி அண்மை ஆண்டுகளில் வெகுவாகக் குறைந்துவிட்டது. செங்குத்துச் சரிவுகளில் ஹெலிகாப்டரிலிருந்து தெளிக்கும் மருந்தையும் சிலர் காரணமாகச் சந்தேகிக்கிறார்கள். அந்தச் சந்தேகத்தைத் தோட்டக்காரர்கள் தட்டிக்கழிக்கக் கூடாது. அது எப்படி மருந்தடிக்க வேண்டும் என்பதற்கான வாதம். தோட்டத்தைக் கைவிடுவதற்கான வாதம் ஆகாது.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. பருவநிலை மாறி வெப்பம் கூடியதால், முன்பு பழுக்காத சமதளத்திலும் குளிர்ந்த ஓடைப் பள்ளங்களிலும் இப்போது ரீஸ்லிங் நன்றாகப் பழுக்கிறது. செங்குத்துச் சரிவிலோ கோடையில் வறட்சி, பழம் வெயிலில் வெந்துபோவது எனத் தொல்லைகள் வந்துவிட்டன. சரிவுக்கு இருந்த பழைய தனிச்சலுகை தேய்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதனால்தான் ஒயினின் விலையை மட்டும் நம்பி இந்தச் சுவர்களை நிறுத்த முடியாது என்கிறேன். மாநில அரசு செங்குத்துச் சரிவுகளுக்கு ஹெக்டேர் கணக்கில் மானியம் தருகிறது. மேலே சொன்ன கூலிக் கணக்கில் அது ஒரு பகுதியைத்தான் ஈடுகட்டும். சுற்றுலா வருமானம் இருக்கிறதே என்றால், அறை வாடகையும் காப்பிக் காசும் கிராமத்துக்கு வருகின்றன, உண்மை. தோட்டக்காரர்களே பலர் அறை வாடகைக்கு விடுகிறார்கள். ஆனால் காட்சியைக் காட்டிச் சம்பாதிக்கும் எல்லாரும் பிப்ரவரிக் குளிரில் கவாத்துக் கத்தியோடு அந்தக் காட்சியைப் பராமரிக்கிறவர்கள் அல்லர்.

ஆகவே பயணியின் பங்கு அந்தக் கைக்கே நேராகப் போய்ச் சேருவதுதான் சரி. அதற்கு வழியும் இருக்கிறது. ஆண்டில் நான்கு மாதத்துக்கு மிகாமல், 40 இருக்கைக்கு மிகாமல், உணவக உரிமம் இல்லாமலே தோட்டக்காரர் தம் வீட்டு முற்றத்தில் சொந்த ஒயினையும் எளிய உணவையும் விற்கலாம் என்று ஜெர்மன் சட்டம் அனுமதிக்கிறது. வாசலில் பச்சைக் கொத்தோ துடைப்பமோ தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று பொருள். மது அருந்தாதவர்கள் என்ன செய்வது என்று நம் வாசகர்கள் கேட்பார்கள். பல வீடுகளில் திராட்சைச் சாறு விற்கிறார்கள். தரிசான அடுக்குகளில் வளர்க்கும் சிவப்புப் பீச் பழத்தின் ஜாமும் மோசல் கரையின் சொந்தச் சரக்கு. செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் போகிறவர்கள் பறிப்பு ஆட்களுக்கு வழிவிட்டு நில்லுங்கள். கொடியில் கை வைக்காதீர்கள். கீழே இறங்கியதும் ஏதாவது ஒரு முற்றத்தில் உட்கார்ந்து, சாறோ ஜாமோ ஒயினோ, சொன்ன விலைக்கு வாங்குங்கள். ஒயின் என்றால் லேபிளில் ‘ப்ரெமர் கல்மோன்ட்’ என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.